கரையானும் வீடும் - சேலம், நாமக்கல் சமவெளியில் நடந்த நீண்ட போர்

"கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல" என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியில் கரையான்தான் பாவம். உழைத்துக் கட்டிய வீட்டைப் பாம்பிடம் பறிகொடுத்து விடுகிறது. ஆனால் மனிதன் கட்டிய வீட்டைப் பொறுத்தவரை கதை அப்படியே தலைகீழ்! இங்கே உழைப்பவன் மனிதன், குடிபுகுவது கரையான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் போர் மிகப் பழையது. நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முன் இரண்டும் ஒரே சேலம் மாவட்டம்தான். மண்ணும் ஒன்றுதான். ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண், இடையிடையே பாறை, வேலியோரம் ஆளுயரப் புற்று. இந்த மண்ணில் வீடு கட்டிய மக்கள் கரையானை எப்படிச் சமாளித்தார்கள்? இடையில் என்ன மாறியது? இன்று அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? இவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

எறும்பு இனமே இல்லை

வரலாற்றுக்குள் போகும் முன் எதிரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். ஆங்கிலேயர்கள் கரையானை "வெள்ளை எறும்பு" என்று அழைத்தார்கள். இது தவறான பெயர். கரையான், கரப்பான்பூச்சியின் நெருங்கிய உறவு. மரபணு ஆய்வுகள் இதை 2007ல் உறுதிப்படுத்தின.

கரையானின் உடல் மிக மெல்லியது. வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் வற்றி இறந்துவிடும். அதனால்தான் அது வெளிச்சத்தில் நடப்பதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்து, குழாய் போல ஒரு மூடிய பாதை அமைத்து, அதற்குள்ளேயே சுவரில் ஏறுகிறது. சுவரில் தெரியும் அந்தச் செம்மண் கோடுதான் கரையானின் நெடுஞ்சாலை. ராணியும் கூட்டமும் இருப்பது மண்ணுக்குள். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் வேலைக்காரக் கரையான்களே.

ஆகவே அதற்கு மூன்று விஷயங்கள் தேவை. மண்ணிலிருந்து மரத்துக்கு ஒரு பாதை, ஈரம், யாரும் தொந்தரவு செய்யாத அமைதி. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக் கொண்டால் மீதி வரலாறு எளிதில் புரியும்.

பகையும் பக்தியும்

ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், வீட்டுக்குள் பகையாக இருந்த கரையான் வீட்டுக்கு வெளியே மரியாதையோடு நடத்தப்பட்டது. புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. புற்று இருக்கும் இடத்தில் அம்மன் கோயில் எழுவதும் புதிதல்ல. திருவாரூர்ப் பெருமானுக்கே வன்மீகநாதர், அதாவது புற்றிடங்கொண்டார் என்றுதான் பெயர்.

பக்தி மட்டும் காரணமல்ல, பயனும் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் புற்று ஒரு முக்கியமான அடையாளம். மழை குறைந்த சமவெளியில் கிணறு தோண்ட இடம் தேடுபவனுக்குப் புற்று ஒரு துப்பு.

முதல் மழைக்குப் பின் கிளம்பும் ஈசல், பொரியோடு வறுத்துத் தின்னும் பண்டம். சிறகு முளைத்த கரையான்தான் ஈசல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கரையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்துதான் மழைக்காலப் புற்றுக் காளான் முளைக்கிறது. நாட்டுக்கோழி வளர்ப்போர் ஒரு பானையில் காய்ந்த சாணம், ஓலை, கந்தல் சாக்கு ஆகியவற்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான்! குஞ்சுகளுக்கு அருமையான தீனி. முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் பெரும் பண்ணைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கோழிக்கும் கரையானுக்கும் இந்த உறவு இருந்தது.

இவற்றை முதன்முதலில் உலகுக்கு எழுதிச் சொன்னவர்களில் ஒருவர் ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். தென்னிந்தியக் கரையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779ல் பெர்லினில் வெளியானது. புற்றின் ஒரு பக்கம் புகை மூட்டி, மறுபக்கம் பானையை வைத்து, உள்ளூர் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையை அவர் விவரித்திருந்தார். பானையின் உட்புறத்தில் தேய்த்த வாசனை இலை எது தெரியுமா? கறிவேப்பிலை! அந்தச் செடியின் அறிவியல் பெயரில் இன்றும் கோனிக்கின் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

எனவே பழைய காலத்து மனிதன் கரையானைப் பூண்டோடு ஒழிக்க நினைக்கவில்லை. ஒழிக்கவும் முடியாது. வெளியே அது இருக்கட்டும், வீட்டுக்குள் வராமல் பார்த்துக் கொள்வோம் என்பதுதான் அவனுடைய கொள்கை.

பழைய வீட்டின் பாதுகாப்பு

அந்தக் கொள்கை வீடு கட்டும் முறையிலேயே இருந்தது. இந்தச் சமவெளியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் கோட்டையே ஒற்றைப் பாறையின் மேல் நிற்கிறது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கடைக்காலைக் கல்லால் கட்டி, தரைமட்டத்துக்கு மேலும் கல்லை உயர்த்தி, அதன் மேல்தான் மண்சுவர் எழுப்பினார்கள். திண்ணைத் தூண் மரமானாலும் அடியில் ஒரு கல் இருக்கும். மரம் மண்ணைத் தொடக்கூடாது என்பதுதான் இதன் கணக்கு. நெல் குதிர்களைக் கற்களின் மேல் தூக்கி வைத்ததும், சோளத்தட்டுப் போரைக் கல் ஊன்றி அதன் மேல் அடுக்கியதும் இதே கணக்குத்தான்.

அடுத்தது மரத் தேர்வு. தேக்கும் வேங்கையும் கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்களுக்குப் பனை இருந்தது. முற்றிய பனையின் வெளிப்புறம் கருத்து இறுகி இருக்கும். அதைத்தான் "வைரம் பாய்ந்தது" என்பார்கள். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை நீக்கி விட்டு, வைரம் பாய்ந்த பகுதியைக் கைமரமாகப் போட்டார்கள். கரையான் முதலில் தேடுவது மென்மையான வெளிறுப் பகுதியைத்தான். மாவும் இலவமும் அதற்கு அல்வா மாதிரி.

மூன்றாவது பராமரிப்பு. விறகடுப்புப் புகை கூரையை எப்போதும் உலர்வாக வைத்தது. மரத்துக்கு வேப்பெண்ணெயோ புங்க எண்ணெயோ பூசினார்கள். பொங்கலுக்கு முன் வீட்டைக் காலி செய்து, அட்டாலியில் கிடந்ததை எல்லாம் இறக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளைச் சுவரில் செம்மண் கோடு விழுந்தால் குழந்தைக்குக் கூடத் தெரியும்! பார்த்தவுடன் துடைப்பத்தால் தட்டி விட்டால் கரையானின் பாதை அறுந்து போகும். ஆண்டுக்கு ஒருமுறை வீடு முழுவதும் தணிக்கை நடந்தது என்றே சொல்லலாம். கணக்குப் புத்தகத்துக்கு ஆண்டுத் தணிக்கை எப்படியோ, வீட்டுக்குப் போகி அப்படி.

எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல் அடித்தளம் போட வசதியில்லாத குடிசைகளில் மூங்கிலும் கம்பும் நேராக மண்ணில்தான் ஊன்றப்பட்டன. அடிப்பகுதி அரித்துப் போகப் போக மாற்றிக் கொண்டே இருந்தார்கள். கரையானுக்கு அதிக வரி கட்டியவர்கள் எப்போதும் ஏழைகளே.

பூட்டிய அறையின் பாடம்

தணிக்கை நின்றால் என்ன ஆகும்? இதற்குத் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற கதை சிதம்பரத்தில் இருக்கிறது. ராஜராஜ சோழன் (கி.பி. 985-1014) காலத்தில் தேவார ஏடுகளைத் தேடியபோது, அவை தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், திறந்து பார்த்தால் புற்று மூடியிருந்தது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, எஞ்சிய ஏடுகளை மீட்டதாக மரபு. அந்தப் பணியில் மன்னனுக்குத் துணை நின்றவர் நம்பியாண்டார் நம்பி. கரையான் தின்றது போக மிஞ்சியதுதான் இன்றைய தேவாரம் என்பது சைவர்களின் நம்பிக்கை.

காலம் மாறினாலும் கதை மாறவில்லை. 2011ல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் சுமார் ஒரு கோடி ரூபாய் நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஓலைச் சுவடியானாலும் ரூபாய் நோட்டானாலும் கரையானுக்கு ஒன்றுதான். பூட்டி வைத்து விட்டால் பாதுகாப்பு என்று மனிதன் நினைக்கிறான். திறந்து பார்க்காத அறைதான் கரையானுக்குப் பாதுகாப்பு!

ஒரு சாதாரணக் குடும்பத்தில் கரையான் தின்றால் பெரும்பாலும் போவது மரம் மட்டுமல்ல. டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருக்கும் வீட்டுப் பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ், சேர்த்து வைத்த பணம். அரித்துப் போன நோட்டை வங்கியில் கொடுத்தால், மிஞ்சியிருக்கும் பரப்பளவைப் பொறுத்து முழு மதிப்போ பாதி மதிப்போ கிடைக்கும். மிகச் சிறிய துண்டு என்றால் ஒன்றும் கிடைக்காது. பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். ஆனால் கடன் கேட்டுப் போகும் இடத்தில் மூலப் பத்திரம் எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும்.

ரயில் வந்தது, ரசாயனம் வந்தது

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போடப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டைகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. 1856ல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், ரயில்வேயின் மரப் பசியால் காடுகள் அழிவதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதினார். மழையும் வெயிலும் கரையானும் சேர்ந்து கட்டைகளைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தன. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மரம் என்றால் கரையானுக்குக் கேட்கவா வேண்டும்!

வீட்டில் மரத்தை மண்ணிலிருந்து பிரித்து வைக்கலாம். ரயில் பாதையில் அது முடியாது. எனவே மரத்துக்கே மருந்து ஏற்றும் வழிகளைத் தேடினார்கள். இங்கிலாந்தில் 1838ல் ஜான் பெத்தேல் காப்புரிமை பெற்ற கிரியோசோட் முறை இந்தியாவுக்கும் வந்தது. பிறகு 1933ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்தார். "ஆஸ்கு" என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவியது. பல நாடுகளில் மின்கம்பங்களும் வேலிகளும் ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பால் காப்பாற்றப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது.

வீடுகளும் இதே காலத்தில் மாறத் தொடங்கின. 1865ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் மங்களூர் ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. ஓட்டுக்கு அடியில் அறுத்த ரீப்பர் கட்டைகள் வரிசையாகத் தேவை. பருத்த பனங்கைமரத்தை அரிக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். மெல்லிய ரீப்பருக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

விஷத்தின் ஐம்பது ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லாம் தலைகீழானது. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948ல் நோபல் பரிசு கிடைத்தது. தொடர்ந்து ஆல்ட்ரின், டைல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று வரிசையாக மருந்துகள் வந்தன. மண்ணில் ஒருமுறை ஊற்றினால் பல ஆண்டுகள் கரையான் எட்டிப் பார்க்காது. கிராமங்களில் பி.எச்.சி. பவுடர் வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து போனது.

"ஒருமுறை செலவு செய்தால் போதும், பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்ற எண்ணம் இப்போதுதான் பிறந்தது. அதுவரை கரையான் ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவாக இருந்தது. இப்போது அது ஒருமுறை போடும் முதலீடாக மாறியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது!

ஆனால் கரையானை ஆண்டுக்கணக்கில் தடுத்த அதே குணம்தான் அந்த மருந்துகளின் குற்றமும். அவை மண்ணில் சிதையவில்லை. தண்ணீரிலும் பாலிலும் மனித உடலின் கொழுப்பிலும் சேர்ந்தன. 1962ல் ரேச்சல் கார்சன் எழுதிய "மௌன வசந்தம்" இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது. இந்தியாவில் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை 1996லும் பி.எச்.சி. 1997லும் தடை செய்யப்பட்டன. 2001ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றை உலக அளவில் ஒழிக்க முடிவு செய்தது. இந்தியா 2006ல் அதை ஏற்றது.

இவற்றுக்குப் பதிலாக வந்தது குளோர்பைரிபாஸ். அமெரிக்கா 2000ஆம் ஆண்டிலேயே அதன் வீட்டு உபயோகத்தைக் குறைக்கத் தொடங்கியது. 2025ல் அதுவும் சில விலக்குகளோடு ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் "இது பாதுகாப்பானது" என்று நம்பி ஊற்றிய மருந்தை அடுத்த தலைமுறை தடை செய்கிறது.

கிணறு இருக்கும் ஊர்

சேலம், நாமக்கல் பகுதிக்கு இது தனிக் கவலை. இங்கே பாறை நிலம். நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளின் வழியாகத்தான் ஓடுகிறது. திறந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. நாடெங்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றது சும்மா இல்லை. பாறை வெடிப்பில் இறங்கும் மருந்து எந்தப் பக்கம் போய் எந்தக் கிணற்றில் சேரும் என்று கணிப்பது கடினம். வீட்டுச் சுவரைச் சுற்றி மருந்து ஊற்றுபவர், பத்தடி தள்ளி இருக்கும் கிணற்றை மறந்து விட்டால், கரையானிடமிருந்து கதவைக் காப்பாற்றி, தண்ணீரைக் கெடுத்துக் கொண்டவர் ஆவார்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313 என்ற விதிமுறை கரையான் தடுப்புக்கென்றே உள்ளது. அதில் மூன்று பகுதிகள். இரண்டாவது பகுதி, கட்டும்போது மண்ணுக்கு மருந்து அடிப்பது. மூன்றாவது, கட்டி முடித்த வீட்டுக்கு மருந்து செலுத்துவது. ஆனால் முதல் பகுதி எதைப் பற்றியது? மருந்தே இல்லாமல், கட்டுமான முறையாலேயே கரையானைத் தடுப்பது பற்றி! தரமான கான்கிரீட் அடித்தளம், இடையில் தடுப்பு, மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி. நம் தாத்தாக்களின் கல் அடித்தளம்தான் அங்கே நவீன மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. பலர் முதல் பகுதியைத் தாண்டி நேராக இரண்டாவதுக்குப் போய் விடுகிறார்கள்.

மீண்டும் கல்லுக்கு

1957ல் அமெரிக்காவில் வால்டர் எபெலிங் என்ற பூச்சியியல் அறிஞர், தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். குறிப்பிட்ட அளவுள்ள மணல் அடுக்கைக் கரையானால் கடக்க முடியவில்லை. துகள் அதன் தாடையால் தூக்க முடியாத அளவு பெரியது. துகள்களுக்கு இடையே உள்ள சந்தோ அது நுழைய முடியாத அளவு சிறியது. அவ்வளவுதான் ரகசியம்! மருந்து மலிவாகக் கிடைத்த காலம் என்பதால் இந்தக் கண்டுபிடிப்பு நீண்ட காலம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

1995ல் ஆஸ்திரேலியா பழைய மருந்துகளைக் கைவிட்டபோது இந்த யோசனைக்கு மவுசு வந்தது. சுமார் 2 மில்லிமீட்டர் அளவில் சலித்த கருங்கல் துகளை வீட்டைச் சுற்றியும் குழாய்களைச் சுற்றியும் நிரப்பினார்கள். துருப்பிடிக்காத எஃகு வலையையும் பயன்படுத்தினார்கள். ஒருமுறை போட்டால் போதும் என்று விஷம் கொடுத்த வாக்குறுதியைக் கடைசியில் காப்பாற்றியது கல்தான்.

கருங்கல் சேலம், நாமக்கல்காரர்களுக்குப் புதிதா என்ன? ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கும் கிரஷர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். எம்-சாண்டை அப்படியே கொட்டினால் பயனில்லை, அதில் பொடியும் கலந்திருக்கும். உள்ளூர்க் கரையான் இனத்துக்கு ஏற்ற அளவில் சலித்து, கழுவி, சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் மூலப்பொருள் வாசலிலேயே கிடக்கிறது.

கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் வராது என்ற நம்பிக்கையும் தவறு. கான்கிரீட்டை அது தின்னாது, உண்மை. ஆனால் தரையும் சுவரும் சேரும் இடத்து விரிசல், மின்வயர் போகும் குழாய், குளியலறைக் கசிவு ஆகியவை போதும். உள்ளே நிலைக்கதவும் பிளைவுட் அலமாரியும் காத்திருக்கின்றன. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளை இலக்காகக் கொண்டு 2024ல் தொடங்கியது. குடிசையிலிருந்து அங்கே குடியேறும் குடும்பங்கள் கரையானுக்கு மீண்டும் வரி கட்டக் கூடாது என்றால், கடைக்கால் தோண்டும் நாளிலேயே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி இருக்கிறது. சுவரோரம் தண்ணீர் தேங்கக் கூடாது. கசியும் குழாயை உடனே சரி செய்ய வேண்டும். விறகையும் அட்டைப் பெட்டியையும் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. பத்திரங்களைச் சுவரைத் தொடாத உலோகப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். அதற்கு மேலும் மருந்து தேவைப்பட்டால், கிணறு எங்கே இருக்கிறது என்று பார்த்து, தெரிந்தவர்களைக் கொண்டு அளவோடு செய்ய வேண்டும்.

கரையான் மனிதனுக்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்குவது அதன் தொழில். அது நம் கதவுக்கும் காட்டு மரத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த வித்தியாசத்தை அதற்குத் தெரியும்படி செய்வது வீடு கட்டுபவனின் வேலை. ஒரு கல் உயரமும், ஆண்டுக்கு ஒரு நாள் கவனமும் அந்த வேலையைப் பல நூற்றாண்டுகள் செய்தன. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அதை மறந்து விட்டோம். மறந்ததை நினைவுக்குக் கொண்டு வருவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அடுத்த போகிக்கு அட்டாலியை இறக்கும்போது சுவரையும் ஒருமுறை பார்த்தால் போதும்!